பழைய பைக் பந்தயம்: எந்தக் கிளாஸ், எஞ்சினில் எவ்வளவு கை வைக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் எந்த நேரமும் ஒரு பைக்காவது கழற்றியபடி கிடக்கும். அதைக் கண்டு உள்ளே வருகிறவர்களும், ரொறொன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருந்து விதிநூலின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பும் மச்சான்மாரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். நான் எந்தச் சங்கத்தின் அதிகாரியும் இல்லை. மச்சான் ஒருவனின் பைக்குக்காக விதிநூல் வாசிக்கத் தொடங்கி, பிறகு அந்தப் பழக்கத்தை விட முடியாமல் போனவன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

விண்டேஜ் எண்டா எத்தின வருசம் பழசா இருக்கணும் அண்ணன்?

நம் ஊரில் தாத்தா ஓட்டிய எதுவும் விண்டேஜ். விதிநூலில் அந்தச் சொல்லுக்கு ஒரு தேதி உண்டு, அதுவும் நூலுக்கு நூல் மாறும். இங்கிலாந்தில் 1946இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் கணக்கில் 1930 முடிவதற்குள் செய்யப்பட்டதுதான் விண்டேஜ். ஆஸ்திரேலியாவில் காலத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்கள்: 1919 வரை வெட்டரன், 1920 முதல் 1945 வரை விண்டேஜ், 1946 முதல் 1962 வரை கிளாசிக், 1963 முதல் 1972 வரை போஸ்ட் கிளாசிக், 1973 முதல் 1982 வரை ஃபொர்கொட்டன் இரா, அதற்குப் பிறகு நியூ இரா. எழுபதுகளின் பைக்குகளுக்கு 'மறந்துபோன காலம்' என்று பெயர் வைத்தவருக்கு அந்த நாளில் ஒரு நல்ல பைக் கைநழுவிப் போயிருக்க வேண்டும்.

ஆகவே "இன்னும் இரண்டு வருசம் பொறுத்தா என்ட பைக்கும் விண்டேஜ் ஆகிடும்" என்ற கணக்கு இங்கே சரிவராது. வெட்டுத் தேதி நின்ற இடத்தில் நிற்கும். 1984இல் செய்த பைக் நூறு வருடம் பழசானாலும் வயசால் மட்டும் போஸ்ட் கிளாசிக் ஆகாது.

புத்தகத்தில 1983 எண்டு கிடக்கு. ஆனா அந்த மொடல் 1976லயே வந்திட்டு. எந்த வருசத்த எடுக்கிற?

வாகனப் புத்தகத்தில் முதலில் கண்ணில் படுவது இலங்கையில் பதிவான தேதி. ஜப்பானில் ஓடி முடிந்து, கப்பலேறி, கொழும்பில் இறங்கி, பிறகு பதிவான பைக்குக்கு அது பிறந்த தேதி ஆகாது. பந்தயத்துக்கு முன் பைக்கைச் சோதிக்கும் பரிசோதகர் பார்ப்பது அது செய்யப்பட்ட ஆண்டை. பல விதிநூல்கள் அதோடு நிற்காமல், அந்த வடிவமைப்பு எப்போது வந்தது என்றும் பார்க்கும். வெட்டுத் தேதிக்குப் பிறகு செய்த பைக் என்றாலும், தேதிக்கு முந்திய மொடலிலிருந்து முக்கிய பாகங்கள் மாறவில்லை என்றால் சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் பழைய பைக் பந்தயச் சங்கமான ஏஎச்ஆர்எம்ஏவின் விதிகளில் இந்த 'ஒத்த வடிவமைப்பு' ஒரு முக்கியமான வாசல்.

இதற்கு நல்ல உதாரணம் புல்லட். 1955இல் மெட்ராஸில் பூட்டத் தொடங்கிய 350 புல்லட்டின் எஞ்சின், 70 மிமீ போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 90 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), வார்ப்பிரும்புச் சிலிண்டர் என்று பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் வந்தது. 1990இல் செய்த ஒன்றை ஐம்பதுகளின் வடிவமைப்பு என்று வாதாட இடமுண்டு. அதே பெயரில் பின்னால் வந்த, எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த யுசிஇ எஞ்சினுக்கு அந்த வாதம் செல்லாது. பெற்றோல் டாங்கியில் ஒட்டிய பெயர் மட்டும்தான் பழசு. ஹொண்டா சிஜி125 வந்தது 1976இல். 1983இல் செய்த சிஜியை எடுத்துக்கொண்டு போனால் எதெது மாறவில்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. பழைய பாகப் புத்தகத்தின் பக்கங்களை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். "எல்லாம் ஒண்டுதான் சேர்" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சிசியை மட்டும் பாத்துப் பிரிச்சா போதாதா? ஏன் இவ்வளவு கிளாஸ்?

சிசியை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்று உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 1966இல் ஹொண்டா 125 சிசியை ஐந்து சிலிண்டராகப் பிரித்து எட்டு கியர் பூட்டியது. ஒரு சிலிண்டருக்கு 25 சிசி, அதாவது சின்ன பிளேன்ரீக் கோப்பையில் கால்வாசி. சுசுகி 50 சிசி பைக்குக்கு 14 கியர் வைத்தது. செலவு எகிறியது. கடைசியில் உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனமான எஃப்ஐஎம் 50 சிசிக்கு ஒரு சிலிண்டர், 125க்கும் 250க்கும் அதிகபட்சம் இரண்டு, கியர் ஆறு என்று கயிறு கட்டியது.

அதனால்தான் இன்றைய விதிநூலில் ஒரு கிளாஸ் என்பது பல சல்லடைகள் சேர்ந்தது: எந்தக் காலம், எத்தனை சிசி, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, வால்வைத் தண்டால் தள்ளும் புஷ்ரொட்டா, ஹெட்டிலேயே கேம் இருக்கும் மேல்கேமா, தெரு பைக்கா தொழிற்சாலைப் பந்தய பைக்கா. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது, ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. இரண்டையும் ஒரே சிசியில் சமமாக நிறுத்த முடியாது. உங்கள் பைக் எல்லாச் சல்லடையிலும் விழ வேண்டும். ஒன்றில் தங்கிவிட்டாலும் அந்தக் கிளாஸ் உங்களுக்கு இல்லை.

125 எண்டா 125 தானே? போர் பண்ணினா என்ன வித்தியாசம் வரப்போகுது?

இந்தக் கேள்விக்கு நானே விலை கொடுத்தவன். படுவான்கரைப் பக்கம் அறுவடை முடிந்த தரையில் பையன்கள் ஒரு நட்புப் பந்தயம் வைத்தார்கள். விதி எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெளிநாட்டு நூல் ஒன்றைப் பார்த்து "125 சிசிக்கு மேற்படாது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். என் சிஜி125ஐ அதற்கு முன்பே லேத் கடை ஒன்றில் போர் போட்டிருந்தேன், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டிருந்தேன். 0.25 மிமீ போடச் சொன்னதற்கு அங்கே 0.50 மிமீ போட்டுவிட்டு, "இனிப் பல வருசத்துக்குப் பயமில்ல" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பந்தயத்துக்கு முதல்நாள், என் வாயைக் கிளறவென்றே காத்தான்குடி நண்பர் ஹெட்டைக் கழற்றச் சொன்னார். பிஸ்டன் தலையில் கரி. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்ததும் '50' என்ற எழுத்து பளிச்சென்று வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். கணக்கு இதுதான்: போரைப் போரால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, 1000ஆல் வகுக்க வேண்டும். எல்லாம் மிமீயில். சிஜி125இன் அளவு 56.5 போர், 49.5 ஸ்ட்ரோக், வருவது 124.1 சிசி. போர் 57.0 ஆனால் 126.3. நான் எழுதிய விதியால் நானே வெளியே. "விதி எழுதினவர் வேலிக்கு அங்கால நிண்டு பாருங்க நானா" என்றார். நின்று பார்த்தேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், கேட்டபடி 0.25 போட்டிருந்தாலும் 125.2 வந்திருக்கும். அதாவது முதல் ஓவர்சைஸிலேயே சிஜி வரம்பைத் தாண்டுகிறது. இந்தச் சிக்கல் தெரிந்துதான் பல விதிநூல்கள் தேய்மானத்துக்கென்று ஓவர்போர் சலுகை தருகின்றன. அந்தச் சலுகை சிசி வரம்புக்குப் பக்கத்தில் எழுதியிருக்காது. பொது விதிகளில் எங்காவது ஒளிந்திருக்கும். சலுகை மில்லிமீற்றரிலா சிசியிலா என்று பாருங்கள். அது போருக்கு மட்டுமா, ஸ்ட்ரோக்குக்கும் சேர்த்தா என்றும் பாருங்கள். அநேகமாகப் போருக்கு மட்டும்தான். கிராங்க் பின்னை ஒரு மிமீ தள்ளி வைத்தால் ஸ்ட்ரோக் இரண்டு மிமீ கூடும், அதற்குப் பெயர் தேய்மானம் இல்லை.

ஹொண்டா சிடி125 ட்வின்னில் இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 44 போர், 41 ஸ்ட்ரோக், இரண்டும் சேர்த்து 124.7 சிசி. அதற்கு மூச்சுவிட இன்னும் குறைந்த இடம். மறுபக்கம் ஹொண்டா சிபி350 ட்வின்னைப் பாருங்கள்: 64க்கு 50.6, வருவது 325 சிசிதான். 350 கிளாஸில் அதற்குப் பல ஓவர்சைஸ் போட இடமுண்டு.

எஞ்சினுக்குள்ள என்ன செஞ்சாலும் ஆருக்குத் தெரியப் போகுது?

பல கிளாஸ்களில் உள்ளே என்ன செய்தாலும் குற்றமே இல்லை. பெரும்பாலான விதிநூல்களின் போக்கு ஒன்றுதான்: வெளியே அந்தக் காலத்து முகம் இருக்க வேண்டும், உள்ளே கூடுதல் சுதந்திரம். கேம், வால்வ் ஸ்பிரிங், பிஸ்டன், கொனக்டிங் ரொட், போர்ட்டை அராவுவது, கம்ப்ரெஷன் கூட்டுவது எல்லாம் அநேக இடங்களில் ஆகும். ஐம்பது வருடப் பழைய கொனக்டிங் ரொட்டோடுதான் ஓட வேண்டும் என்று சொன்னால் அது எஞ்சினைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பின்னால் வருகிறவனின் டயருக்குக் கீழே ஒயில். அதனால் புதிய, பலமான பாகத்தை விதிகளே விரும்புகின்றன.

கை வைக்கக் கூடாதது வெளியே தெரிகிற வார்ப்புகளில்: கிராங்க் கேஸ், சிலிண்டர், ஹெட். சூடு ஆற்றும் துடுப்புகளின் வடிவம், வால்வின் எண்ணிக்கை, கேம் இருக்கும் இடம் இவை மாறக் கூடாது. இரண்டு வால்வ் ஹெட்டை நான்கு வால்வாக மாற்றினால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் அந்த பைக் அந்தக் கிளாஸுக்கு உரியதல்ல. 'ஸ்டொக்' அல்லது 'புரடக்ஷன்' என்று பெயர் வைத்த கிளாஸ்கள் வேறு சாதி. அங்கே கேம்கூட அசல் அளவில் இருக்க வேண்டும். உங்கள் கிளாஸின் பெயரை முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு ஸ்பனரை எடுங்கள்.

ஒரே ஒரு பாகம்தானே புதுசு, அதுக்கு என்ன?

அந்த ஒரு பாகம் முழு பைக்கையும் அடுத்த காலத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். யமஹாவின் ஆர்5 1970இல் வந்தது, ஆர்டி350 1973இல். இரண்டும் இரட்டைச் சிலிண்டர், 64 போர், 54 ஸ்ட்ரோக், 347 சிசி. தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் ஆர்டியில் பெற்றோல் கலவையை உள்ளே விட்டு, திரும்ப வெளியே விடாமல் மூடும் ரீட் வால்வ் இருக்கிறது, ஆர்5இல் இல்லை. முதல் பதிலில் சொன்ன ஆஸ்திரேலியக் கணக்கில் ஆர்5 போஸ்ட் கிளாசிக், ஆர்டி ஃபொர்கொட்டன் இரா. ஆர்5க்கு ஆர்டியின் சிலிண்டரைப் பூட்டினால் பூட்டியவருக்கு ஒரு மாலை வேலை. ஆனால் பைக் 1973க்குப் போய்விட்டது.

மெல்பேர்ன் மச்சானுக்கு இதை விளக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. "சேஸி 71 தானே மச்சான்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். சேஸிக்கு ஒருவரும் குறை சொல்லவில்லை.

காபரேட்டர் பெரிசு போடலாமா?

அளவுக்கு வரம்பில்லாத கிளாஸ்கள் உண்டு. ஆனால் வகைக்கு வரம்பு இருக்கும். வட்ட ஸ்லைடு உள்ள மிகுனி விஎம், அமால் மொனோபுளொக், 1967இல் வந்த அமால் கொன்சென்ட்ரிக் போன்றவை அந்தக் காலத்துப் பிள்ளைகள். தட்டை ஸ்லைடு காபரேட்டர்கள் பின்னால் வந்தவை, பழைய கிளாஸ்களில் அநேகமாக ஏற்கமாட்டார்கள். இன்று கடையில் புதிதாக வாங்கிய மிகுனி விஎம் என்றாலும் பரவாயில்லை, வடிவமைப்பு பழசு. இரண்டாவது பதிலில் புல்லட்டுக்குச் சொன்ன அதே நியாயம் இங்கேயும்.

பொயின்ற்ற கழட்டிப்போட்டு சிடிஐ போடலாமா?

பல இடங்களில் ஆம், தொட்டு விலகும் பொயின்ற்றுக்குப் பதில் மின்னணுப் பற்றவைப்பான சிடிஐ போடலாம். நம்பகத்துக்காக என்று சொல்லி அனுமதிக்கிறார்கள். கணினியில் செருகி, பற்றவைக்கும் நேரத்தின் வளைகோட்டை மாற்றும் வகைகளைச் சில கிளாஸ்கள் மறுக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னுக்கு டிஸ்க் பிரேக் பூட்டினா பாதுகாப்புத்தானே, ஏன் வேணாம் எண்டுறாங்க?

பெருந்தொகையாக விற்ற பைக்குகளில் முன் டிஸ்க்கைப் பரப்பியது ஹொண்டா சிபி750, 1969இல். அதற்கு முந்திய காலக் கிளாஸ்களில் டிரம்தான். ஒருவன் டிஸ்கும் மற்றவன் டிரம்மும் வைத்துக்கொண்டு ஒரே வளைவுக்குள் போனால் யாருக்கும் பாதுகாப்பில்லை என்பதும் ஒரு காரணம். நான்கு ஷூ டிரம்மை ஒழுங்காகச் செட் பண்ணினால் நன்றாகவே பிடிக்கும்.

பாதுகாப்பு என்றால் வேறு விடயங்களைப் பாருங்கள். ஒயில் வடி ஆணிக்குக் கம்பி கட்டுவது, பிரீதர் குழாய்க்கு ஏந்தும் டப்பா வைப்பது, கையை விட்டால் தானாக மூடும் திரொட்டில், அணைக்கும் சுவிட்ச். இவற்றில் காலம் பார்ப்பதில்லை, 1930 பைக்குக்கும் வேண்டும். முதல்முறை போகிறவர்களை நிறுத்திவைப்பது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, கம்பி கட்டாத ஆணிதான்.

விதியில அதப்பத்தி ஒண்டும் சொல்லல்ல. அப்ப செய்யலாம் தானே?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். விதிநூல் எந்த வகை என்று முதலில் பாருங்கள். சில நூல்கள் தடுக்கப்பட்டதைச் சொல்லும், சொல்லாதது ஆகும். பல நூல்கள் அனுமதித்ததைச் சொல்லும், சொல்லாதது ஆகாது. இரண்டாவது வகையில் முன்பக்கங்களிலேயே "செய்யலாம் என்று எழுதாத மாற்றம் செய்யக் கூடாது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை வாசிக்காமல் நேரே தன் கிளாஸின் பக்கத்துக்குப் போகிறவர்கள்தான் பிறகு எனக்குப் போன் எடுக்கிறார்கள்.

வாசித்த பிறகும் சந்தேகம் என்றால், காசு செலவழிக்கும் முன் பரிசோதகருக்கு எழுதுங்கள். "என் பைக் சரியா?" என்று எழுதினால் "விதியைப் பாருங்கள்" என்றுதான் பதில் வரும். பாகத்தின் படம், அது எந்த ஆண்டு வடிவமைப்பு, எந்த விதி எண்ணில் சந்தேகம் என்ற மூன்றையும் வைத்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். வந்த பதிலை அச்செடுத்து டூல் பெட்டிக்குள் வையுங்கள். பந்தயத்தன்று வேறொரு பரிசோதகர் நிற்பார். "போன கிழமை ஒருத்தர் ஓம் எண்டவர்" என்பது அவரிடம் எடுபடாது.

சிஜிட எஞ்சின் கிடைக்கல்ல. அதே மாதிரி சைனா எஞ்சின் போட்டா?

போல்ட் ஓட்டைகள் பொருந்தும் என்பதால் கேட்கிறீர்கள். ஒத்த வடிவமைப்பு என்ற வாசல் பெரும்பாலும் அதே கம்பனியின் தொடர்ச்சிக்குத்தான். நகல்களுக்குத் தனி விதி இருக்கும். மங்ஸ் நோர்ட்டன் போன்ற பந்தய எஞ்சின்கள் இன்றும் புதிதாக வார்க்கப்படுகின்றன, அவற்றைப் பல இடங்களில் ஏற்கிறார்கள். ஏனென்றால் அசலின் அளவையும் வடிவத்தையும் பின்பற்றிச் செய்யப்பட்டவை. சைனா எஞ்சினில் வெளியே சிஜி முகம் இருந்தாலும் சிசி 150, 200 என்று இருக்கலாம், கியரும் கூடலாம். கேட்காமல் பூட்ட வேண்டாம்.

சுனாமியில உப்புத் தண்ணி குடிச்ச பைக் இது. எஞ்சின் நம்பர் அரிச்சுப் போச்சு. வருசத்த எப்பிடிக் காட்டுற?

நாவலடிப் பக்கத்திலிருந்து இப்படி வந்த எஞ்சின்களை நானே திறந்திருக்கிறேன். அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். முதலில் ஒரு எச்சரிக்கை: நம்பரைத் திரும்ப வெட்டாதீர்கள். பந்தயத்துக்கு முன்னால் அது சட்டப் பிரச்சினை.

பழைய ஜப்பான் பைக்குகளின் நம்பரில் ஆண்டு எழுத்து கிடையாது. மொடல் குறியும் தொடர் எண்ணும்தான். பாகப் புத்தகத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்த மொடல் என்று இருக்கும், அதை வைத்துப் பிடிக்கலாம். எஞ்சின் எண் போனாலும் சேஸி எண் கழுத்தடியில் பெயின்ற்றுக்குக் கீழே தப்பியிருக்கும், மெல்லச் சுரண்டுங்கள். பழைய வாகனப் புத்தகம் இருந்தால் அதுவும் உதவும். நம்பர் பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தால் அது பழைய பதிவு என்று தெரியும். ஆனால் இரண்டாவது பதிலில் சொன்னதுபோல பதிவு வேறு, பிறப்பு வேறு.

அவன்ட பைக்கில கள்ளம் இருக்கு எண்டு எனக்கு நிச்சயம். என்ன செய்ற?

எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அதற்கு நேர வரம்பு உண்டு, பணமும் கட்ட வேண்டியிருக்கும். "கள்ளம்" என்று எழுதினால் போதாது. எந்த விதி எண், எந்தப் பாகம் என்று குறிக்க வேண்டும். பிறகு எஞ்சினைத் திறந்து போரும் ஸ்ட்ரோக்கும் அளப்பார்கள். பிளக் ஓட்டை வழியாகவே சிசி அளக்கும் கருவியும் இருக்கிறது. உங்கள் சந்தேகம் பிழையாக இருந்தால் கட்டிய பணம் போகும். அவர் பிறகு உங்கள் பைக்கையும் திறக்கச் சொல்வார். என் பிஸ்டன் தலையில் இருந்த '50'ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பைக்க வச்சு ரெண்டு கிளாஸ் ஓடலாமா?

பல இடங்களில் மேலே ஏறலாம், கீழே இறங்க முடியாது. 350 பைக்கை 500இல் ஓடவிடுவார்கள், 500ஐ 350இல் விடமாட்டார்கள். இரண்டாவது கிளாஸுக்கும் தனிக் கட்டணம்.

பந்தயத்துக்கு மாத்தினத திரும்ப ரோட்டில ஓட்டலாமா?

எஞ்சினை மாற்றியிருந்தால் புத்தகத்தில் உள்ள எண்ணோடு பொருந்தாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தாமல் வீதியில் இறக்கினால் சோதனைச் சாவடியிலும் பிரச்சினை, விபத்து நடந்தால் காப்புறுதியிலும் பிரச்சினை. அசல் எஞ்சினைக் கழற்றி ஒயில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, பந்தயத்துக்கு வேறொன்றில் வேலை செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கட்டிலுக்குக் கீழே இரண்டு எஞ்சின் கிடக்கிறது என்று வீட்டில் பேச்சு வாங்குவது தனிக் கணக்கு.

மாமாட எம்டி90 ஒண்டு நிக்குது. அதையும் எங்கயாவது சேக்கலாமா?

ஜப்பான் தபால்காரருக்காகச் செய்த பைக் அது. நம் பக்கத்தில் மீன்பெட்டி கட்டாத எம்டியைக் காண்பது கடினம். 100 சிசிக்குட்பட்ட கிளாஸ் இருந்தால் சிசியில் சிக்கல் இல்லை. சிக்கல் ஆண்டில்தான்: நீண்ட காலம் செய்த மொடல், இங்கே வந்ததும் பதிவானதும் பிந்தி. சேஸி எண்ணை எழுதி எடுத்து, இரண்டாவது பதிலில் சொன்ன மாதிரி பாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தேதிக்குள் வந்தால் முன் கரியரைக் கழற்றிவிட்டு, பரிசோதகருக்கு ஒரு கடிதம் போடுங்கள். மாமாவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், காலையில் அவருக்குச் சந்தைக்குப் போக வேண்டியிருக்கும்.